முன்பணத்துக்கு முன்னால்

வீடு வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் 37 ஆண்டுகள் பத்திரம் எழுதி ஓய்வு பெற்ற ஆவண எழுத்தர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். செங்கல்பட்டு அருகே 60 லட்ச ரூபாய்க்கு ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்பதால் 5 லட்சம் முன்பணம் கேட்கிறார் விற்பவர். அவர் கொடுத்த காகிதங்களின் நகலை இணைத்திருக்கிறேன். அவருடைய அப்பா 2011இல் காலமானவர். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. இனி என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்? அவருக்கு இரண்டு சகோதரிகள். மூத்தவர் இப்போது இல்லை.
- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: முதல் வேலை, வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போடுவது. அதற்கடுத்த வெள்ளியும் நல்ல நாளாகத்தான் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய நகல்களை மேசையில் பரப்பிவைத்து இரண்டு முறை படித்தேன். மொத்தம் மூன்று காகிதங்கள். 1983இல் விற்பவரின் தந்தை வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகல், இன்றைய பட்டா, சொத்தின் மீது பதிவானவற்றைப் பட்டியலிடும் ஒரு வில்லங்கச் சான்று. அந்த வில்லங்கச் சான்று 2012 ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. தந்தை காலமானது 2011. வில்லங்கம் பார்ப்பவர் எவரும் தற்செயலாக அந்தத் தேதியைத் தேர்ந்தெடுப்பதில்லை, அம்மா. தந்தை உயிரோடு இருந்தபோது அடமானம் வைத்தாரா, யாருக்காவது செட்டில்மென்ட், அதாவது தானமாக, எழுதினாரா, ஒரு பகுதியை விற்றாரா என்பதெல்லாம் அந்தத் தேதிக்கு முன்னால்தான் இருக்கும். குறைந்தது 30 ஆண்டுக்குப் பார்ப்பது வழக்கம். உங்கள் விஷயத்தில் 1983க்கும் முன்னிருந்து, அதாவது தந்தைக்கு விற்றவருக்குச் சொத்து வந்த வழியிலிருந்து பாருங்கள்.

இரண்டாவது, பட்டா. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவேட்டில் உள்ள பெயர். அது மட்டுமே ஒருவருக்குச் சொத்துரிமையைக் கொடுத்துவிடாது. தந்தை சுயமாக வாங்கிய சொத்து. அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், "அவருக்கு இரண்டு சகோதரிகள். மூத்தவர் இப்போது இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. விற்பவரின் அம்மா இருக்கிறார் என்றால் பங்கு நான்கு. விற்பவருக்கு உள்ளது கால் பங்கு. 60 லட்சம் கொடுத்துக் கால் வீட்டை வாங்கப் போகிறீர்கள்.

இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்: "சகோதரிகளுக்குக் கல்யாணத்தின்போதே நகை, சீர் எல்லாம் செய்தாயிற்று, அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள்." என் மேசைக்கு எதிரே அமர்ந்து இதைச் சொன்ன அண்ணன்மார் நூறு பேராவது இருப்பார்கள். கேட்க மாட்டார்கள் என்றால் கையெழுத்துப் போடவும் தயங்க மாட்டார்கள் அல்லவா? தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் காட்டட்டும். இல்லையென்றால் உங்கள் கிரயப் பத்திரத்தில் எல்லோரும் எழுதிக்கொடுப்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்திடட்டும். யார் யார் வாரிசு என்பதற்குத் தந்தையின் இறப்புச் சான்றும் வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றும் வேண்டும்.

மூத்த சகோதரி தந்தைக்குப் பிறகு காலமானவர் என்றால், அவருடைய பங்கு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகளில் ஒருவர் 18 வயது நிரம்பாதவராக இருந்தால் இன்னொரு படி ஏற வேண்டும். மைனரின் பங்கை அவருடைய தந்தையே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அனுமதியில்லாமல் விற்றால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அவர் 17 வயதில் இருக்கிறார் என்றால் நான் உங்களிடத்தில் இருந்தால் காத்திருப்பேன்.

மூன்றாவது, அசல். உங்களிடம் இருப்பவை எல்லாம் நகல். 1983 பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கி, பின்பக்க முத்திரைகளைத் திருப்பிப் பாருங்கள். அசல் அடமானமாக ஏதாவது ஒரு வங்கியின் பெட்டகத்தில் இருக்கலாம். "தொலைந்துவிட்டது" என்றால், காவல்துறையில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கியிருக்க வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பும் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் தொலைந்த பத்திரத்தை நான் நம்புவதில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால், உங்கள் சொந்தச் செலவில் ஒரு வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்குங்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்தை. கருத்துரை வந்த பிறகு இடத்தை அளந்து, வங்கியில் கடன் கிடைக்குமா என்று கேட்டு, அதன்பின் கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். மொத்த விலை, முன்பணம், எத்தனை மாதக் கெடு, இடையில் குறை தெரிந்தால் பணம் எப்போது திரும்பும் என்பவை அதில் இருக்கட்டும். முன்பணம் அன்றுதான், அதுவும் வங்கி வழியாக. விலை 50 லட்சத்துக்குக் குறையாததால் 1 சதவீதம் வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. முன்பணத்திலேயே அது தொடங்கிவிடும். விற்பவர்கள் நான்கு பேர் என்றால் நான்கு பேர் பெயரிலும் தனித்தனியே.

கேள்வி: வில்லங்கச் சான்றில் எந்த வில்லங்கமும் இல்லை என்று வந்துவிட்டது. நிம்மதியாக வாங்கலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: எந்தப் புல எண்ணுக்கு, அதாவது சர்வே எண்ணுக்கு, போட்டீர்கள், தம்பி? இன்று 112/3ஏ2 என்று இருக்கும் இடம், உட்பிரிவு ஆவதற்கு முன் வெறும் 112/3 ஆக இருந்திருக்கும். புது எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய எண்ணில் நடந்தவை கண்ணில் படாமல் போகும். நகர அளவை செய்து புது எண் கொடுத்த ஊர்களில் இன்னொரு குழப்பம். உங்கள் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின்கீழ் இருந்ததா என்பதையும் விசாரியுங்கள்.

தவிர, பதிவானதைத்தான் வில்லங்கம் காட்டும். பதிவு செய்யாத உயில், பத்திரத்தை ஒப்படைத்துவிட்டுக் கைக்கடனாக வாங்கிய பணம், நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் பாகவழக்கு, இவை அதில் வராமல் இருக்கலாம். அதற்கு ஒரே வழி கால்நடையாகப் போவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேளுங்கள். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத செய்தி அந்தத் திண்ணையில் கிடைக்கும்.

கேள்வி: வீட்டின் விலை 60 லட்சம். கையில் 13 லட்சம் இருக்கிறது. மீதியை வங்கி கொடுக்கும் என்று நண்பர் சொல்கிறார்.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம்; 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம்; அதற்கு மேல் 75 சதவீதம். உங்களுக்கு அதிகபட்சம் 48 லட்சம். அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் 60 லட்சம் பெறும் என்று சொன்னால். ஆக, விலையிலேயே 12 லட்சம் கைப்பணம்.

இனிதான் எல்லோரும் மறக்கும் செலவு. முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். பொதுவாக இந்தத் தொகையை வங்கி வீட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிடாது. 10 லட்சத்துக்கு மேற்படாத சொத்துக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. 12உம் 5.4உம் சேர்த்தால் 17 லட்சத்து 40 ஆயிரம். இதற்கு மேல் வழக்கறிஞர், நில அளவை, வங்கியில் ஆவணங்களை ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு. உங்கள் 13 லட்சத்துக்கு 42 லட்சத்துக்குள் ஒரு வீடு பாருங்கள். பற்றாக்குறைக்குத் தனிநபர் கடன் எடுத்துக் குடிபோனவர்கள் இரண்டு தவணை கட்டிவிட்டு என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கப்போகும் மனை பத்திரத்தில் ஆறரை சென்ட். பட்டாவில் 0 - 2.43 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை, சகோதரி. பட்டாவில் முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். 2.43 ஏர் என்றால் 243 சதுர மீட்டர், சதுர அடியில் ஏறக்குறைய 2,615. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்துப் பாருங்கள், ஆறு சென்ட்தான் வருகிறது. அரை சென்ட், அதாவது 218 சதுர அடி, பத்திரத்தில் இருக்கிறது, பட்டாவில் இல்லை. தரையில் இருக்கிறதா என்பதை நில அளவரை வைத்து அளந்தால்தான் தெரியும். பாதைக்குப் போயிருக்கலாம், பக்கத்துக்காரரின் சுவருக்குள் போயிருக்கலாம், பழைய பத்திரம் எழுதியவர் குத்துமதிப்பாக எழுதியிருக்கலாம். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விற்பவரும் நாலாபக்கத்துக்காரர்களும் நிற்க, அளந்து கல் நடுங்கள். ஆறு சென்ட் என்று தெரிந்தால் ஆறு சென்ட்டுக்குத்தான் விலை.

அளக்கும்போது பாதையையும் பாருங்கள். இதை நான் என் சொந்தச் செலவில் கற்றேன். 1994இல் நான் வீடு வாங்கியபோது பத்திரத்தை நானே எழுதினேன். ஊருக்கெல்லாம் எழுதுபவன், எனக்கு இன்னொருவன் எழுதுவதா என்ற திமிர். வீட்டின் மேற்கே நாலடிப் பாதை. கொல்லைக்கும் கிணற்றுக்கும் அதுதான் வழி. செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், "பாதைக்குக் கிழக்கு" என்று எழுதினேன். அதோடு நிறுத்திவிட்டேன். "மேற்படி பாதையில் போக வர உள்ள பாத்தியமும் சேர்த்து" என்று இன்னும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு எழுதும்போது ஒருநாளும் விடாத வரி. பாதை இருந்த நிலம் விற்றவரின் அண்ணனுடையது. ஆறு ஆண்டு கழித்து அவர் விற்றார். வாங்கியவர் மூன்றாம் நாளே முள்வேலி போட்டுவிட்டு, என் பத்திரத்தைக் கொண்டு வரச் சொன்னார். கொண்டு போனேன். படித்துவிட்டு, "பாதை எல்லை என்றுதானே எழுதியிருக்கிறது, உங்களுக்கு உரிமை என்று எங்கே இருக்கிறது?" என்றார். எழுதியவன் நான் என்று அவருக்குத் தெரியாது. வழக்குப் போட்டிருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் போகவில்லை. அந்த நாலடியை அவரிடமே விலைக்கு வாங்கினேன். அந்தப் பத்திரத்தை வேறொருவரை எழுதச் சொன்னேன்.

கேள்வி: வாங்கும் விலை 45 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 28 லட்சம்தான். பத்திரத்தில் 28 என்று போட்டு, மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் செலவு மிச்சம் என்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பெயர் வெளியிட விரும்பாததிலேயே பதில் உங்களுக்குத் தெரியும் என்று புரிகிறது. சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 45 லட்சத்துக்கு வங்கி 36 லட்சம் வரை தரலாம். 28 லட்சம் என்று எழுதினால் 25 லட்சத்துச் சொச்சம். மீதி 17 லட்சம் ரொக்கத்துக்கு எங்கே போவீர்கள்? கொடுத்த பிறகு விற்பவர் மனம் மாறினால் அந்த 17 லட்சத்துக்கு உங்களிடம் என்ன சாட்சி? நாளை நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 28 என்றுதான் கணக்கு. மறைத்த 17 லட்சத்தையும் லாபமாகக் கணக்கிட்டு வரி கட்டுவீர்கள். இடம் விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. அதை உங்கள் விற்பனையாளருக்கு மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் 1,150 சதுர அடி வீடு. பிரிக்கப்படாத பாகம் 310 சதுர அடி என்கிறார்கள். மொத்த மனை 4 கிரவுண்ட், வீடுகள் 20, எல்லாம் ஒரே அளவு. எதைக் கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: கேள்வியிலேயே கணக்கு இருக்கிறது. 4 கிரவுண்ட் 9,600 சதுர அடி. 20 வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 480 வர வேண்டும். 310 வீதம் 20 வீட்டுக்கு 6,200தான் போகிறது. மீதி 3,400 சதுர அடி மண் யாரிடம் இருக்கிறது? மேலே இன்னொரு தளம் எழுப்பக் கட்டுமான நிறுவனம் வைத்துக்கொண்டதா? திறந்தவெளிக்கு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டடம் பழசாகி இடிக்கும் நாளில் உங்களுக்கு மிஞ்சுவது அந்த மண் பங்குதான்.

1,150 என்பது எந்த அளவு என்று கேளுங்கள். மாடிப்படி, லிப்ட், வராந்தா எல்லாவற்றையும் பங்கு போட்டுச் சேர்த்த அளவாக இருக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி விற்பனைக்குச் சொல்ல வேண்டியது தரைவிரிப்பு அளவு, அதாவது சுவருக்குள் நீங்கள் பாய் விரிக்கும் இடம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தே விற்க வேண்டும். இது இரண்டிலும் வருகிறது. பதிவு எண்ணைக் கேட்டு நீங்களே இணையதளத்தில் பாருங்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து புதுக் குடியிருப்பின் முதல் விற்பனைக்கு, மண்ணும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிவு செய்கிறார்கள். 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம். கைமாறிய பழைய வீட்டுக்கு இது பொருந்தாது.

கேள்வி: நில உரிமையாளர் சிங்கப்பூரில். அவருடைய பவர் ஏஜெண்டிடம் வாங்கலாமா?
- ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: வாங்கலாம். ஏஜெண்டைப் பார்ப்பதற்கு முன் உரிமையாளரின் முகத்தைப் பாருங்கள். காணொளி அழைப்பு போதும். பவர், அதாவது அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் இறந்தால் அதுவும் சாதாரணமாக அன்றோடு முடிந்தது. அதனால்தான் பதிவின்போது அவர் உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்கிறார்கள். பவரில் விற்கவும் தொகையைப் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். பராமரிக்க மட்டும் கொடுத்த பவரை வைத்து விலை பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் நீங்கள் பிடிக்க வேண்டிய வருமான வரி 1 சதவீதம் அல்ல, அதைவிட அதிகம். ஆடிட்டரிடம் போகாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தெற்கு பார்த்த வீடு வாங்கலாமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: தெற்கே இருப்பது பஞ்சாயத்துச் சாலை என்றால் தாராளமாக. தனியார் பாதை என்றால், மேலே என் கதையைப் படியுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் பத்திரப் பதிவு. அன்றோடு எல்லாம் முடிந்துவிடுமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அன்று நடப்பது கொஞ்சம்தான். கட்டணத்தை இணையத்தில் கட்டி, டோக்கன் நேரத்துக்குப் போனால், இரு தரப்புக்கும் புகைப்படம், விரல்ரேகை, இரண்டு சாட்சிகள். ஆதார், பான், முந்தைய பத்திரத்தின் அசல் கையில் இருக்கட்டும். வரைவு பத்திரத்தை முதல் நாள் இரவே வாங்கி, வீட்டில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புல எண், அளவு, நான்கு எல்லை, பெயர், தகப்பனார் பெயர்.

பிறகு பட்டா மாறுதல். முழு இடமும் கைமாறினால் பதிவோடேயே தானாக மாறும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வந்து அளந்தபின்தான். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு வில்லங்கம் போட்டு, உங்கள் பெயர் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

தப்பு இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம். ஆனால் அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். தலைப்பெழுத்து ஒன்று மாறிப்போனதற்காக, விற்றவரைத் தேடி ஓசூர் வரை போய்வந்த ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் பதிவான பத்திரம் கைக்கு வந்ததும், அலுவலக வாசலிலேயே நின்று இன்னொரு முறை படித்துவிடுங்கள். விற்றவர் எதிர்க்கடையில் இன்னும் காபி குடித்துக்கொண்டிருப்பார்.